வேகமல்ல, நிதானம்

பழைய ஏர் ரைபிள் சோர்ந்துவிட்டதா? வலுவான ஸ்பிரிங்கைத் திணிப்பதுதான் பலருக்கும் தோன்றும் வைத்தியம். இங்கிலாந்தின் கைதேர்ந்த ரைபிள் பிரியர்கள் அதை ஏற்பதில்லை.

பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் 1959இல் அறிமுகப்படுத்திய 'மீட்டியர்' போன்ற ரைபிள்களில், குழலை மடக்கினால் ஸ்பிரிங் சுருங்கும். விசையை அழுத்தியதும் பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்க, ரவை பறக்கிறது. ஆனால் ரவை குழலைத் தாண்டுவதற்குள் பிஸ்டனின் பாய்ச்சல் ரைபிளையே உலுக்கிவிடும். ஸ்பிரிங் வலுத்தால் உலுக்கலும் வலுக்கும், குறி தவறும்.

எனவே அவர்கள் தேய்ந்த சீலை மாற்றுகிறார்கள். ஸ்பிரிங்கின் முனைகளை வழவழப்பாக்கி, அது ஆடாதபடி உள்தண்டை இறுக்கமாகப் பொருத்துகிறார்கள். கெட்டியாகிப்போன கிரீஸை வழித்தெடுத்து, மாலிப்டினம் கிரீஸை மெலிதாகப் பூசுகிறார்கள். தாராளமாக எண்ணெய் விட்டால், டீசல் என்ஜினில் நடப்பதுபோல அழுத்தத்தில் சூடேறித் தீப்பற்றும். அழுத்திப் பிடிக்கும் கருவியில்லாமல் கழற்றினால் ஸ்பிரிங் முகத்திலேயே பாயலாம்.

சட்டமும் நிதானத்தின் பக்கம்தான். 1969 முதல் அங்கே 12 அடி-பவுண்டு ஆற்றலைத் தாண்டும் ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டும். இல்லாவிட்டால் சிறைக்கே போக நேரலாம். அதனால் வேலை முடிந்ததும் குரோனோகிராஃபில் வேகத்தை அளக்கிறார்கள். பெரிய எண் வந்தால் யாரும் துள்ளிக் குதிப்பதில்லை. அடுத்தடுத்துச் சுட்ட பத்து ரவைகளும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டினால்தான் திருப்தி.