வளவுக்கு வரும் இரவு விருந்தினர்

யானைகள் இறங்கிக் கடந்த துறையாதலின் ஆனையிறவு என்னும் பெயர் வந்ததென்பர். ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காட்டிற் பிடிபட்ட யானைகள் இவ்வழியே யாழ்ப்பாணம் சென்று, ஊர்காவற்றுறையிற் கப்பலேறின. இன்று பெருந்தெருவிற் செல்வோர் காண்பன உப்பளமும் வெட்டவெளியும் நீர்ப்பறவைகளுமே. ஆயினும் கிழக்கே சுண்டிக்குளம் நோக்கிச் சென்றால் பற்றைக்காடு தொடங்கும். 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்ட நிலம் அது. அதன் அயலிலே என் உறவினர் ஒருவருக்கு ஒரு வளவு உண்டு.

காலையில் வேலியோரத்துக் குளம்படிகளைப் பார்த்து, இது மான், இது பன்றி என்று அவர் சொல்லிவிடுவார். எந்நேரம் வந்தன என்பதைச் சுவடு சொல்லாது. அதற்கென்றே சென்ற ஆண்டு ஒரு தானியங்கிக் கமராவை வேம்பிற் கட்டினார்.

இக்கருவி விலங்கின் உருவைக் கண்டு விழிப்பதன்று. வெப்பத்தை உணர்ந்து விழிப்பது. ஒவ்வோர் உடலும் கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிரை வீசுகின்றது. சூழலினும் சூடான ஓர் உடல் உணரியின் முன்னே குறுக்காக நகரும்போது தோன்றும் வேறுபாடே கமராவை இயக்கும். ஆகவே விலங்கு நேரே எதிர்கொண்டு வரும் வகையிலன்றி, குறுக்கே கடக்கும் வகையில், ஏறக்குறைய முழங்கால் உயரத்திற் கட்டுதல் வேண்டும். முன்னுள்ள புல்லையும் வெட்டிவிட வேண்டும். வெயிலிற் காய்ந்த இலை காற்றில் அசைந்தாலும் படம் விழும். எம்மவர் கமராவில் முதற்கிழமை விழுந்தவற்றுட் பெரும்பாலானவை ஆவரசஞ் செடியின் படங்களே!

ஆனையிறவு வெயிலுக்கு வேறொரு குணமும் உண்டு. நண்பகலில் நிலச்சூடு உடற்சூட்டை நெருங்கிவிடுவதால் உணரி தடுமாறும். நல்ல வேளையாக மான்களும் அப்பொழுது நிழலிலேயே கிடக்கும். உடும்பும் முதலையும் சூழலின் சூட்டையே பெரிதும் கொள்வன. ஆதலின் அவை பலமுறை பதிவின்றியே கடந்துவிடும்.

இரவிற் படமெடுக்கும் முயற்சி புதிதன்று. அமெரிக்கரான ஜோர்ஜ் சைராஸ், விலங்கே கயிற்றை இழுத்துத் தன் படத்தைத் தானே எடுக்கும்படி செய்தார். அவர்தம் படங்கள் 1906இல் 'நாசனல் ஜியோகிராபிக்' இதழில் வெளிவந்தன. 1990களில் உல்லாஸ் கரந்த், மைசூர்ப் பகுதி நாகரகொளைக் காட்டில், வரிகளைக் கொண்டு புலிகளைத் தனித்தனியே அறிந்து கணக்கிட்டார். எம் சிறுத்தையின் புள்ளிகளும் கைரேகைபோல் ஒன்றுக்கொன்று வேறானவை. இவ்வாறு பிரித்தறியாதவிடத்துப் பத்துப் படங்களிற் பத்து மான்கள் என்று கொள்ளுதல் தவறு.

இனி ஒரு செய்தி. கொம்புடைய புள்ளிமான் ஒன்று மூன்று இரவுகள் ஒரே நேரத்தில் வந்தது. உறவினர் மகிழ்ந்து, நேரமுங் காட்டும் அப்படத்தைக் கைத்தொலைபேசியிற் பலருக்கு அனுப்பினார். வளவின் இடத்தையும் எழுதினார். இரண்டு கிழமை கழித்து, வேலிக்கு அப்பால் அம்மான் வரும் தடத்திலேயே கம்பிச் சுருக்கு ஒன்று கிடந்தது. மான்வேட்டையைத் தடுக்கும் சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்தே உண்டு. சுருக்கு வைப்பவன் அதனைப் படிப்பதில்லை.

சுருக்கை அவர் கழற்றி எறிந்தார். கமரா இன்னமும் அவ்வேம்பிலேயே இருக்கின்றது. படங்களை வீட்டுக்குப் போவோருக்கு மட்டுங் காட்டுகின்றார். கொம்பன் பின்னர் வரவில்லை; பெண்மான் ஒன்று, குட்டியோடு, விடியுமுன் வந்துபோகின்றது.