இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல்

மாமல்லபுரம் கடற்கரையில் நின்று அலையோசையைக் கூர்ந்து கேட்டிருக்கிறீர்களா? அலை உடையும்போது இரைச்சல் ஓங்குகிறது. நீர் பின்வாங்கும்போது தாழ்கிறது. அந்தத் தாழ்வில்தான், தொலைவில் படகை இழுக்கும் மீனவரின் அழைப்பு நம் காதில் வந்து விழுகிறது.

ஒரே சீரான இரைச்சலைவிட, ஏறி இறங்கும் இரைச்சலின் நடுவே பிற ஒலிகளைக் கேட்பது எளிது. இடைவெளி ஒரு நொடியின் சிறு பகுதியாக இருந்தாலும் போதும். இரைச்சலை நொடிக்குப் பத்து முறை அளவில் விட்டுவிட்டு ஒலித்தால், தொடர்ந்து ஒலிக்கும்போதைவிடப் பேச்சு நன்றாகப் புரிகிறது என 1950-இல் மில்லர், லிக்லைடர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர்.

இதனினும் வியப்பானது 1984-இல் வெளிவந்த ஆய்வு. ஹால், ஹாகார்ட், பெர்னாண்டஸ் ஆகிய மூவர், ஒரு மெல்லிய ஒலியை மறைக்கும் இரைச்சலோடு வேறு சுருதிகளிலும் இரைச்சலைக் கூட்டினர். எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியபோது, மறைந்திருந்த ஒலி முன்னிலும் எளிதாகக் கேட்டது! உட்செவியிலுள்ள நத்தை வடிவ உறுப்பு, ஒலிகளைச் சுருதி வாரியாகப் பிரித்து மூளைக்கு அனுப்புகிறது. மூளை அவற்றை ஒப்பிடுகிறது. எல்லாம் தாழும்போது ஒன்று மட்டும் தாழாதிருந்தால், அங்கே வேறோர் ஒலி இருப்பதை அறிந்துகொள்கிறது என்பது அறிஞர் தரும் விளக்கம்.

முதுமையாலும், கல் அறுக்கும் இயந்திரம் போன்றவற்றின் ஓயாத பேரொலியாலும் உட்செவியின் மயிரணுக்கள் சிதைகின்றன. அப்போது இந்த ஆற்றலும் குன்றுகிறது. ஆகவேதான், அமைதியான அறையில் தடையின்றி உரையாடும் பெரியவர், திருமண வீட்டில் எதிரிலிருப்பவர் சொல்வது புரியாமல் திகைக்கிறார். அங்கே ஒருவர் பேச்சில் விடும் இடைவெளியை மற்றவர் பேச்சு நிரப்பிவிடுகிறது அல்லவா? ‘வாப்பாவுக்கு வேண்டியது மட்டும் கேட்கும்’ என்று நாம் நகைக்கிறோம். அவரோ மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்து ஒதுங்கிவிடுகிறார். அன்பர்களே, அது பிடிவாதம் அன்று, செவியின் குறைபாடு.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு, முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களுக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். ‘கூட்டத்தில் பேச்சு புரிவதில்லை’ என்பதை மறவாமல் தெரிவியுங்கள்; அமைதியான அறையில் நடக்கும் சோதனையில் அது முழுமையாக வெளிப்படாது.

காதுக் கருவி துணை செய்யும். ஆயினும் இரைச்சலை முற்றிலும் விலக்கிவிடாது. எனவே, பேசுமுன் தொலைக்காட்சியையும் மிக்சியையும் நிறுத்துங்கள். முதலில் அழைத்து, முகம் தெரியும்படி எதிரில் அமர்ந்து, நிதானமாகப் பேசுங்கள். கத்த வேண்டாம், கத்தினால் சொல் சிதையும். புரியாவிடில் வேறு சொற்களில் கூறுங்கள். விருந்துகளில் ஒலிபெருக்கிக்குத் தொலைவாக, உடன் ஒருவரோடு அவரை அமர்த்துங்கள். குடும்பத்தாரின் பேச்சில் மீண்டும் கலந்துகொள்ள அவருக்கு வழி பிறக்கும்.