ஊர்ப்பணம் – 9: ஷெட்யூலில் இல்லாத வேலை

புதுச் சாலை போட்டு முடித்த மறுநாளே வீட்டு வாசல் பள்ளமாகிவிடுகிறது. அடுத்த மழைக்குத் தெருத் தண்ணீர் கூடம் வரை வருகிறது. ஊரே ஒப்பந்ததாரரைத் திட்டுகிறது. அவரோ, பல இடங்களில், எழுதிக் கொடுத்த வேலையைத்தான் செய்திருப்பார். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுக்கும் ‘மில்லிங்’ அந்த மதிப்பீட்டிலேயே இருந்திருக்காது. எழுதாத வேலைக்குப் பில் போட முடியாது. பிறகு யார் செய்வார்கள்? பழைய பரப்பைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். அந்த அறிவுறுத்தல் உங்கள் தெருவுக்கு வர வேண்டுமென்றால், உங்கள் தெருவின் டெண்டரில் அதற்கென ஒரு வரி இருந்தாக வேண்டும்.

அந்த வரிகள் இருக்கும் இடம்தான் வேலை அட்டவணை. துறையில் ‘ஷெட்யூல்’ என்பார்கள், ‘பி.ஓ.க்யூ’ என்றும் சொல்வார்கள். வேலை விவரம், அளவு, அலகு, விலை, தொகை என்று கட்டங்கள் ஓடும். நம் கண் நேராகத் தொகைக்குத்தான் போகும். விவரக் கட்டத்தைப் படியுங்கள் என்பேன். மக்கள் பணம் சேர்வதும் சிதறுவதும் அங்கேதான்.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். எம்20 கான்கிரீட், 20 மி.மீ. ஜல்லியுடன், கூலி, க்யூரிங் எல்லாம் உட்பட. கம்பியும் சென்ட்ரிங்கும் நீங்கலாக, ஒரு கனமீட்டருக்கு இவ்வளவு. எம்20 என்றால், அந்தக் கலவையில் வார்த்த கட்டி 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் வலிமை காட்ட வேண்டும். க்யூரிங் விலைக்குள்ளேயே இருப்பதால், தண்ணீர் ஊற்றத் தனியாகக் காசு இல்லை என்று ஒப்பந்ததாரர் கைவிரிக்க முடியாது. கம்பி எடைக் கணக்கிலும் சென்ட்ரிங் சதுர மீட்டரிலும் தனித்தனி வரிகளாக வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் வேலை பாதியில் இருக்கும்போது ‘எக்ஸ்ட்ரா ஐட்டம்’ முளைக்கும். அதன் விலைக்குப் போட்டி கிடையாது. துறையும் ஒப்பந்ததாரரும் பேசி முடிப்பார்கள். குறைந்த விலை கேட்டவருக்குக் கொடுத்தோம் என்ற பெருமை அங்கே பாதி போய்விடுகிறது. விவரத்தை அரைகுறையாக எழுதுவதை நான் வெறும் கவனக்குறைவாகப் பார்ப்பதில்லை. ஊர்ப்பணத்துக்குச் செய்யும் துரோகம் அது.

மண்வேலை வரிகளில் ‘லீட்’, ‘லிஃப்ட்’ எவ்வளவு என்று பாருங்கள். தோண்டிய மண்ணை எவ்வளவு தூரம் கொண்டுபோவது, எவ்வளவு ஆழத்திலிருந்து தூக்குவது என்பதற்கான கணக்கு அது. தூரம் சரியாக வராவிட்டால் மண் உங்கள் வாசலிலேயே குவிந்து கிடக்கும்.

இதையெல்லாம் பார்க்க யார் தயவும் வேண்டாம். தமிழக அரசின் டெண்டர் இணையதளத்தில், விலைப்புள்ளி கோரும் காலத்திலேயே ஷெட்யூலை இறக்கிக்கொள்ளலாம். வேலை தொடங்கிய பிறகு என்றால், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் மனு, 30 நாளில் பதில். நகல் கேட்பதோடு நிறுத்த வேண்டாம். நடக்கும் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவு உரிமை தருகிறது.

மனுவில் ஷெட்யூலோடு ‘எம்-புக்’ எனும் அளவுப் புத்தகத்தின் பக்கங்களையும் கேளுங்கள். பொறியாளர் ஒவ்வொரு வரிக்கும் அளந்து எழுதியது அதில் இருக்கும். கால்வாய் 60 செ.மீ. ஆழம் என்று இரண்டிலும் இருந்தால், டேப்போடு போய் அளந்து பார்க்க அதற்குமேல் எதுவும் தேவையில்லை. எம்-புக்கை எப்படிப் படிப்பது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.