லிஸ்ப் மொழியும் குறுக்குத் தொகுப்பும்

இன்டெல் செயலிக்கென உருவாக்கப்பட்ட இயந்திரக் கட்டளைகள் ஆர்ம் செயலிக்குப் புரிவதில்லை. செயலி ஒன்றாகவே இருந்தாலும், லினக்ஸுக்குரிய நிரல்கோப்பு விண்டோஸில் அப்படியே ஓடிவிடுவதுமில்லை. ஆகவே ஒரு கணினியில் (கட்டும் கணினி) இருந்துகொண்டு வேறு வகைக் கணினிக்கான (இலக்குக் கணினி) கட்டளைகளை உருவாக்கும் குறுக்குத் தொகுப்பு என்னும் முறை தேவைப்படுகிறது. சி மொழியில் இது பழகிப்போன வேலை. லிஸ்பிலோ சிக்கல் மிகுந்தது.

அதற்குக் காரணம் மேக்ரோ. லிஸ்பில் மேக்ரோ என்பது நிரலை எழுதித்தரும் நிரல். அது, மூலநிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் வேலை செய்யும் நேரத்திலேயே, கட்டும் கணினியிலேயே ஓடுகிறது. அந்த மேக்ரோ, நினைவகத்தின் ஒரே சொல்லில் அடங்கும் மிகப்பெரிய முழுஎண் எது என்று கேட்டால், 64 பிட் கணினி தன் அளவையே விடையாகத் தர, அவ்விடை 32 பிட் கணினிக்கான நிரலில் பிழையாகப் பதிந்துவிடக்கூடும்.

லிஸ்ப் அமைப்பையே கட்டும்போதும் இத்தகைய கலப்பு நேரலாம். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான சிஎம்யூசிஎல் என்னும் லிஸ்ப் அமைப்பு, ஓடிக்கொண்டிருக்கும் தன் உருவையே திருத்தித் திருத்தி அடுத்த பதிப்பை ஈன்றது. அதனால் பழைய மிச்சங்கள் புதியதில் ஒட்டிக்கொள்ள இடமிருந்தது. 1999இல் வில்லியம் நியூமன் அதிலிருந்து பிரித்தெடுத்த எஸ்பிசிஎல் இவ்வழக்கத்தை மாற்றியது.

எஸ்பிசிஎல்லைக் கட்டும்போது முதலில், காமன் லிஸ்ப் என்னும் பொதுத்தரத்துக்கு இணங்கிய ஏதேனும் ஒரு லிஸ்ப் அமைப்பு, எஸ்பிசிஎல்லின் கம்பைலரைச் சாதாரண நிரலாக ஏற்றிக்கொள்கிறது. பின்னர் அந்தக் கம்பைலர் எஸ்பிசிஎல்லின் மூலநிரலைப் படித்து, கட்டும் கணினியின் எண்ணளவுகளையும் இலக்குக் கணினியின் எண்ணளவுகளையும் தனித்தனிப் பெயர்வெளிகளில் பிரித்து வைத்துக்கொண்டு, இலக்குச் செயலிக்கான கட்டளைகளாக மாற்றுகிறது. அடுத்து ஜெனசிஸ் என்னும் பகுதி, இன்னும் ஒருமுறைகூட ஓடாத அந்த லிஸ்பின் நினைவகம் எவ்வாறு அமைந்திருக்க வேண்டுமோ அவ்வாறே, பைட்டுகளின் வரிசைமுறைகூட இலக்குக்கு ஏற்றதாக, ஒரே கோப்பில் அடுக்குகிறது. இம்முறையின் உண்மையான சாதனை இதுவே எனலாம். எந்த லிஸ்பைக் கொண்டு கட்டினாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது இம்முறையின் குறிக்கோள்.

எனினும் வேலை முழுவதும் கட்டும் கணினியிலேயே முடிந்துவிடுவதில்லை. சி மொழியில் எழுதப்பட்ட சிறிய இயக்கப்பகுதி இலக்குக்கென்று தனியே தொகுக்கப்பட்டு, ஜெனசிஸ் தந்த கோப்பை ஏற்றி உயிர்ப்பிக்கிறது. பொருள்நோக்கு நிரலாக்கத்துக்குரிய பகுதியின் பெரும்பங்கு அதன்பிறகே, இலக்குக் கணினியிலேயே தொகுக்கப்படுகிறது. எனவே புதிய செயலிக்கு எஸ்பிசிஎல்லைக் கொண்டுசெல்ல முனைவோருக்கு, அச்செயலி உள்ள கணினியோ அதைப் போலச் செய்யும் மென்பொருளோ கைவசம் இருந்தாக வேண்டும்.