அரை நொடித் தாமதம்



ஆன்லைன் விளையாட்டில் நீங்கள் வாளை ஓங்குவதற்குள் எதிரி உங்களை வீழ்த்திவிடுகிறானா? குறை உங்கள் விரலில் இல்லாமல், இணைய இணைப்பில் இருக்கலாம்.

உதாரணமாக, அந்தமான் நிக்கோபார் தீவுகளின் இணையம் 2020 வரை பெரிதும் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. அந்தச் செயற்கைக்கோள் இருப்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். சமிக்ஞை அங்கே போய் இறங்கி, பதிலும் அதே வழியில் திரும்ப ஏறக்குறைய அரை நொடி ஆகும். மின்னஞ்சலுக்கு அது பொருட்டல்ல. வாள்சண்டைக்கு அது பெரும் தாமதம். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடிக் கண்ணாடியிழை வடம் தொடங்கிவைக்கப்பட்டது. தீவுகளுக்கு இடையிலான இணைப்புகளையும் சேர்த்து அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். சென்னைக்குப் போய்வரும் தாமதம் மிகவும் குறைந்தது.

ஆனால், வடம் மட்டும் போதாது. 2012 மே மாதம் ‘டயாப்லோ 3’ விளையாட்டு வெளியான அன்று, கூட்டம் தாங்காமல் சர்வர்கள் திணறின. தனியாக விளையாடவும் இணைய இணைப்பு கட்டாயம் என்று வடிவமைத்திருந்ததால், பணம் கொடுத்து வாங்கியவர்களும் வெளியே நின்றார்கள். 2010-இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 14’ விளையாட்டின் வடிவமைப்பிலேயே பல குறைகள். அதை 2012-இல் மூடி, புதிதாக உருவாக்கி, 2013-இல் மீண்டும் வெளியிட்டார்கள். அன்றும் சர்வர்கள் நிரம்பி வழிந்தன!

ஆகவே, புதிய விளையாட்டை வாங்க நினைப்பவர்கள் முதல் வாரம் பொறுத்திருப்பது நல்லது.