ஈரல் சத்துதான், ஆடு எங்கே மேய்ந்தது?



குழந்தைக்கு ரத்தம் குறைவு என்றால், "ஆட்டு ஈரல் வாங்கிக் கொடும்மா" என்று பெரியவங்க சொல்வாங்க. சரியான யோசனைதான், ஈரலில் இரும்புச்சத்து நிறைய இருக்கு. ஆனால் அந்த ஆடு எங்கே மேய்ந்தது என்று யாராவது கேட்கிறோமா?

பாடியை ஒட்டி அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. சுற்றிலும் பட்டறைகள், பழைய இரும்புக் கடைகள். குழுக் கடனில் ஆடு, மாடு வாங்கியவர்களுக்குத் தனி மேய்ச்சல் நிலம் ஏது? காலி மனையிலும் குப்பை மேட்டிலும்தான் மேய்கின்றன.

உடைந்த பேட்டரி, ஒயர் எரித்த சாம்பல், பழைய பெயின்ட் துகள் இவற்றில் காரீயம் இருக்கலாம். (பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு.) உடைந்த பேட்டரித் தகட்டை மாடுகள் விரும்பி நக்கும். உள்ளே போன காரீயம் ஈரல், சிறுநீரகம், எலும்பில் தங்கிவிடும். பாலிலும் வரும். எவ்வளவு வேகவைத்தாலும் போகாது.

உலக உணவு விதிப்படி ஆடு, மாட்டு இறைச்சியில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் கூடாது. அதாவது 10,000 கிலோ கறிக்கு 1 கிராம்தான்!

பெரியவர்களைவிடக் குழந்தைகள் உடம்பு 4, 5 மடங்கு அதிகமாகக் காரீயத்தை உறிஞ்சும். மூளை வளர்ச்சி பாதிக்கும், ரத்தசோகையும் வரும். ரத்தம் ஊறக் கொடுத்த ஈரலே ரத்தத்தைக் குறைத்தால் என்ன செய்வது?

இதற்காகக் கறியே வேண்டாம் என்று பயப்படாதீங்க. இதைச் செய்யுங்க:

* பட்டறை, குப்பைமேடு பக்கம் மேய விடாதீங்க. கட்டிப்போட்டுத் தீவனம் கொடுங்க.
* ஒயரை எரிக்காதீங்க. பழைய பேட்டரியை வீட்டில் உடைக்காமல் விற்பனைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்க. 2022 விதிகளும் பழைய பேட்டரி முறையான மறுசுழற்சிக்குத்தான் போகணும் என்கின்றன.
* மாடு கண் தெரியாமல் தடுமாறினாலோ, பல்லை நறநறவென்று கடித்தாலோ, சுவரில் தலையை முட்டினாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க.
* அப்படி நோய்ப்பட்ட மாட்டை, "போட்ட பணமாவது வரட்டும்" என்று கறிக்கு விற்காதீங்க. பிழைத்துக்கொண்டாலும் மருத்துவர் சொல்லும்வரை பால் கறந்து விற்காதீங்க.

நாம் விற்கிற கறி இன்னொரு தாய் வீட்டு அடுப்பில்தான் வேகுது. அடுத்த குழுக் கூட்டத்தில், நம் பகுதியில் ஆடு மாடு மேயக்கூடாத இடம் எவை என்று சேர்ந்து பட்டியல் போடுவோமா?