உங்களுக்குத் தெரியுமா? விமானம் ஏறும் ஸ்கீ பலகைகள்

சாதாரணப் பயணப் பெட்டிக்குப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் அளவு 158 சென்டிமீட்டர். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி வரும் கணக்கு இது. பெரியவர்களின் ஸ்கீ பலகைக்கு நீளம் மட்டுமே 165, 175 என்று போகும். அதனால்தான் பனிச்சறுக்குச் சாமான்களை ‘விளையாட்டுச் சாதனம்’ என்று தனியாகப் பிரித்து, நீளத்தில் சலுகை தருகிறார்கள். எடையில் அந்தச் சலுகை கிடையாது. பொதுவாக 23 கிலோ. கூடுதல் கட்டணம் கட்டினாலும் ஒரே பொதி 32 கிலோவைத் தாண்டினால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். பொதியைத் தூக்கும் தொழிலாளியின் முதுகைக் காக்க வந்த வரம்பு அது. மதிக்க வேண்டிய வரம்பு.

*

மலைச்சரிவில் அத்தனை வேகத்தையும் தாங்கும் பலகை, விமானத்தின் சரக்கறையில் ஏன் அடிபடுகிறது? பனியில் ஓடும்போது பாரம் முழுவதும் மேலிருந்து கீழாக, பலகையின் நீளம் நெடுகப் பரவுகிறது. அதற்கேற்ப வளைந்து நிமிரத்தான் பலகையைச் செய்திருக்கிறார்கள். நடுவில் பாப்லர், ஆஷ் போன்ற மரம், அதன் மேலும் கீழும் கண்ணாடியிழை அல்லது உலோகத் தகடு, அடியில் பாலிஎத்திலீன், இரு ஓரத்திலும் மெல்லிய எஃகு விளிம்பு. எல்லாம் பசையால் ஒட்டிய அடுக்குகள். நுனி தரையில் ‘ணங்’கென்று இடித்தாலோ, பக்கவாட்டில் ஒரு கனமான பெட்டி விழுந்தாலோ அந்த அடுக்குகள் வாய் பிளக்கும். பிளந்த இடத்தில் பனிநீர் இறங்கினால் பிளவு மேலும் மேலும் பெரிதாகும். அடிப்பரப்பில் விழுந்த கீறலை உருக்கிய பிளாஸ்டிக் வைத்து அடைத்துவிடலாம். விளிம்பு வளைந்தால் பட்டறைக்காரருக்கே அது பெரிய வேலை.

*

பை வாங்கும்போது பலரும் தடிமனைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது நீளம். 170 செ.மீ. பலகையை 195 செ.மீ. பையில் போட்டால், தூக்கிப் போடும் ஒவ்வொரு முறையும் மணியின் நாக்கு மாதிரி உள்ளே போய் இடிக்கும். பலகையைவிட ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். நீளத்தைச் சுருட்டிக் குறைக்கும் வசதியும், வெளியே இறுக்கிக் கட்டும் பட்டைகளும் உள்ள பை கிடைத்தால் அதையே எடுங்கள். விலை கூடிய பையில் ஆடும் பலகையைவிட, சுமாரான பையில் அசையாமல் கிடக்கும் பலகை பத்திரமாக ஊர் போய்ச் சேரும்.

*

அடுக்கும் முறை இது. இரண்டு பலகைகளின் அடிப்பரப்பும் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்து, பூட்ஸைப் பலகையில் பூட்டும் பைண்டிங்கில் உள்ள பிரேக் கம்பிகளை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துவிடுங்கள். விளிம்பும் விளிம்பும் உரசுகிற முன்பகுதியிலும் பின்பகுதியிலும் மடித்த துணியோ செய்தித்தாளோ வைத்து, அந்த இரண்டு இடத்திலும் ரப்பர் பட்டையால் இறுக்குங்கள். நுனிக்கும் வாலுக்கும் தடித்த ஜாக்கெட் ஒன்றைச் சுற்றுங்கள். பைண்டிங்கின் துருத்திய பாகங்களுக்குக் கம்பளிக் காலுறைகள் போதும். ஊன்றுகோல்களைப் பலகையின் பக்கவாட்டில் ஒட்டிப் படுக்க வைக்கலாம். கார்பன் கோலாக இருந்தால் அதற்கும் ஒரு துணி சுற்றுங்கள், பக்கவாட்டு அடியை அது தாங்காது. கனமான பொருள் எதுவானாலும் பையின் சக்கரம் இருக்கும் முனையில் போடுங்கள். இழுக்கும்போது கை வலிக்காது.

*

கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியா, பஞ்சு வைத்த துணிப் பையா? அடி தாங்குவதில் பெட்டிதான் உசத்தி, சந்தேகமில்லை. ஆனால் காலிப் பெட்டியே சில கிலோ எடையைத் தின்றுவிடும். விடுதி அறையில் நிறுத்த இடம் தேட வேண்டும். வாடகைக் காரில் மடக்க முடியாது. ஒரு ஜோடிப் பலகையும் ஒரே நேரான விமானமும் என்றால் நல்ல துணிப் பையே போதும் என்பது என் கருத்து. இரண்டு மூன்று இடத்தில் விமானம் மாறுகிறவர்கள் பெட்டியை யோசிக்கலாம்.

*

அமெரிக்காவில் பாதுகாப்பு ஊழியர்கள் பையைத் திறந்து பார்த்தால், ‘சோதித்தோம்’ என்று அச்சிட்ட சீட்டு ஒன்றை உள்ளே வைப்பார்கள். எதையும் டேப் ஒட்டி கோட்டை மாதிரி கட்டாமல், முன்பின் தெரியாதவர் அவிழ்த்து அப்படியே திரும்பக் கட்டக்கூடிய பட்டைகளைப் பயன்படுத்துவது நல்லது.

*

பூட்ஸை மட்டும் கையை விட்டு அனுப்பாதீர்கள். பலகை வரவில்லையென்றால் மலையடிவாரக் கடையில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பாதத்துக்கென்றே சூடாக்கி வார்த்த பூட்ஸுக்கு ஈடு கடையில் இல்லை. ஊன்றுகோலைக் கேபினில் அனுமதிக்க மாட்டார்கள். பூட்ஸுக்குப் பொதுவாகத் தடையில்லை. ஹெல்மெட்டும் கூடவே வரட்டும். நசுங்கிய நுரையை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

*

ஊருக்குத் திரும்பும் பயணத்தில் பலகைக்கு எதிரி ஈரம். கடைசி நாள் சறுக்கிவிட்டு, பனி ஒட்டியபடியே ஜிப்பை மூடினால், வீட்டில் திறக்கும்போது எஃகு விளிம்பில் செம்மண் நிறத்தில் துரு படிந்திருக்கும். ஒரு பழைய துண்டால் விளிம்பை நெடுக அழுத்தித் துடைத்துவிட்டுக் கட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்தே போடுங்கள்.

*

கொலராடோவின் ஆஸ்பென் விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,380 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்று மெலிதாக இருப்பதால் இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் எஞ்சினின் உந்துவிசையும் குறையும். விமானம் ஏற்றும் எடையை அதற்கேற்பக் குறைத்தாக வேண்டும். ஆள் ஒரு விமானத்தில், ஸ்கீ பை அடுத்ததில் என்று ஆவது இப்படித்தான். முதல் நாளுக்கான உடுப்பு உங்கள் கையில் இருக்கட்டும்.

*

பனிச்சரிவில் சிக்கினால் ஊதிப் பெருத்து, ஆளை மேற்பரப்புக்கு அருகில் வைத்திருக்கும் முதுகுப் பை தெரியுமா? அழுத்த வாயு உருளையோடு வந்தால் அது விமானத்தில் ‘ஆபத்தான பொருள்’ பட்டியலில் சேரும். சர்வதேச விதிப்படி ஆளுக்கு ஒன்று, விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு மட்டும். பயணத்துக்கு வெகு முன்பே எழுதிக் கேளுங்கள். பூட்ஸைச் சூடாக்கும் கருவியின் உதிரி லித்தியம் பேட்டரிகள் கேபினில்தான் போக வேண்டும்.

*

பலகை உடைந்து வந்தால்? 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, கையில் கிடைத்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். பை தாமதமாக வந்ததற்கு 21 நாள். இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), சுமார் 2,000 டாலர். பொருளிலேயே இருந்த குறையால் வந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை. எனவே செக்-இன்னுக்கு முன் பலகையைப் படம் எடுங்கள். இறங்கியதும் நிலையத்தை விட்டு வெளியேறும் முன் பையைத் திறந்து பாருங்கள். பல நிலையங்களில் நீளமான பைகள் வழக்கமான பெல்ட்டில் வராது; பெரிய பொதிகளுக்கான தனி வாசலில் கேளுங்கள்.

*

ஜப்பானில் இறங்கினால் இந்தக் கவலையில் பாதி விமான நிலையத்திலேயே தீர்ந்துவிடும். கறுப்புப் பூனை சின்னம் போட்ட யமாட்டோ கூரியர் கவுன்டரில் பையைக் கொடுத்தால், மலையில் உள்ள விடுதிக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். இந்த ஸ்கீ சேவை 1983இல் தொடங்கியது. நாகானோ பகுதியிலிருந்து ஆப்பிள் பெட்டிகள் நிரம்பிப் போகும் வண்டிகளுக்குத் திரும்பி வரும்போது ஏற்ற போதிய சரக்கு இல்லை. பனிக்காலத்தில் ஸ்கீயைத் தோளில் சுமந்து அல்லாடி வரும் பயணிகளைப் பார்த்து, அந்த இடத்தில் ஸ்கீயை ஏற்றினால் என்ன என்று யோசித்தவர்கள் அங்கிருந்த ஊழியர்கள். பை மலைக்குப் போய்ச் சேர ஒரு நாளாவது ஆகும் என்பதால், முதல் இரவை நகரத்திலேயே கழிக்கத் திட்டமிடுங்கள்.